கோட்லாந்துத் தீவின் பொருட்காட்சிச்சாலை



நான் ஆசிரியனாக இருந்த நாளில், மாணவர்களைச் சென்னை எழும்பூரில் உள்ள பொருட்காட்சிச்சாலைக்கு அழைத்துச் செல்வது வழக்கம். ஒருமுறை எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "ஐயா, எங்கள் வீட்டில் பானை உடைந்தால் அம்மா குப்பையில் போட்டுவிடுவார்கள். இங்கே மட்டும் ஏன் உடைந்த பானையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டான். "இது மிகப் பழையதப்பா" என்று சொல்லி அவனை வரிசையில் நகர்த்திவிட்டேன். அந்த விடை போதாது என்பது எனக்கு அப்போதே தெரியும். பழையதெல்லாம் போற்றத்தக்கதானால், ஆற்றங்கரைக் கூழாங்கல்லைக் காட்டிலும் பழையது வேறு எது? அச்சிறுவனுக்குத் தக்க விடை எனக்குக் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், தொலைதூரத்துத் தீவு ஒன்றில் அது கிடைத்தது. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் மகள் சுவீடன் நாட்டுத் தலைநகரில் பணியாற்றுகிறாள். கோடை காலத்தில் அவள் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது, "அப்பா, சரித்திரம் சரித்திரம் என்பீர்களே, கோட்லாந்துக்குப் போய் வருவோம்" என்றாள். தலைநகருக்குத் தெற்கே உள்ள துறைமுகத்தில் கப்பலேறினோம். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம். பால்டிக் கடலின் நடுவே, சுவீடனின் பெருநிலத்திலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அத்தீவு. சுண்ணாம்புக் கல்லால் ஆன பூமி. மக்கள் தொகை ஏறத்தாழ 60,000. விஸ்பி என்பது அங்குள்ள ஒரே நகரம். 13ஆம் நூற்றாண்டில் கட்டிய மதில், 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்றும் அந்நகரைச் சுற்றி நிற்கிறது. 1995ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்ட நகரம் அது.

மதிலுக்குள், கடற்கரையை ஒட்டிய தெருவொன்றில் இருக்கிறது கோட்லாந்துப் பொருட்காட்சிச்சாலை. 18ஆம் நூற்றாண்டில் அரசாங்கத்தின் சாராயம் வடிக்கும் ஆலையாக இருந்த கட்டடம் அது. காட்சிச்சாலையை 1875இல் நிறுவியவர் பேர் அர்விட் சேவே என்பவர். அவர் அரசரும் அல்லர், பிரபுவும் அல்லர். விஸ்பி நகரப் பள்ளியின் ஆசிரியர். விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று, உழவரும் செம்படவரும் சொன்ன கதைகளையும், வழங்கிய சொற்களையும், ஆடிய விளையாட்டுகளையும் எழுதி வைத்தவர். ஒரு பொருளைப் பற்றி அதற்குரிய மக்கள் சொல்வதையும் சேர்த்தே காக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இருந்திருக்கிறது. ஓர் ஆசிரியர் தொடங்கிய சாலை என்று அறிந்ததும், எனக்குப் பெருமையும் கூடவே சிறிது நாணமும் உண்டாயின. நாணத்துக்குக் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நாங்கள் பார்த்தது சித்திரக் கற்கள் நிற்கும் கூடம். சுண்ணாம்புக் கல் பலகைகளில் உருவங்களைச் செதுக்கி நிறுத்தும் வழக்கம் கி.பி. 400 முதல் 1100 வரை அத்தீவில் இருந்து வந்தது. இத்தகைய கற்கள் நானூற்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. நம் ஊர்களில் வீரனுக்கு நடுகல் நட்டது நினைவுக்கு வருகிறதன்றோ? அவர்களும் இறந்தோர் நினைவாகவே பெரும்பாலும் இவற்றை நிறுத்தினர். ஒரு கல்லில் எட்டுக் கால் குதிரை மீது ஒருவன் வருகிறான். கொம்புக் கிண்ணத்தில் பானம் ஏந்திப் பெண்ணொருத்தி அவனை வரவேற்கிறாள். 1955இல் ஸ்மிஸ் என்னும் இடத்தில் கிடைத்த மற்றொரு கல்லில், இரு கைகளிலும் பாம்புகளைப் பிடித்தபடி ஓர் உருவம் அமர்ந்திருக்கிறது. அது யார் என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கற்களைக் காலவரிசைப்படி நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். தொடக்க காலத்துக் கற்களில் உள்ள படகுகளைத் துடுப்பால் தள்ளுகிறார்கள். 8ஆம் நூற்றாண்டுக் கற்களிலோ கட்டம் போட்ட பெரும்பாய் விரித்த கப்பல்கள் செல்கின்றன. அந்நாட்டார் பாய்மரத்தைக் கைக்கொண்ட மாறுதலை, எந்த நூலிலும் எழுதாத அச்செய்தியை, இக்கற்கள் வரிசையாக நின்று நமக்குச் சொல்கின்றன. ஒற்றைக் கல் சொல்லாததைப் பல கற்கள் சேர்ந்து சொல்லும் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

பாய்மரம் அவர்களை எங்கெங்குக் கொண்டு சென்றது? அதற்கு விடை, உள்ளங்கையில் அடங்கும் சாணைக்கல் ஒன்றில் இருக்கிறது. 1940இல் ரோமா என்னும் ஊரைச் சேர்ந்த டீமான்ஸ் பண்ணையில் கிடைத்தது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ரூனிக் எழுத்தில் இரண்டு மனிதர்களின் பெயர்களும் நான்கு இடங்களின் பெயர்களும் மட்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த நான்கு இடங்கள்: கிரேக்க நாடு, எருசலேம், ஐஸ்லாந்து, சாராசனியர் நாடு. கத்தி தீட்டும் கல்லில், தாம் சென்று வந்த நாடுகளைப் பொறித்து வைத்தார்கள் போலும்! ஒரு தீவின் பண்ணையில் உலகமே வந்து தங்கியிருக்கிறது.

அப்படித் தங்கியதில் பெரும் பகுதி வெள்ளி. வைக்கிங்குகளின் காலத்தைச் சேர்ந்த வெள்ளிப் புதையல்கள் கோட்லாந்தில் மட்டும் எழுநூற்றுக்கு மேல் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகப் பெரியதன் கதை கேட்பதற்குச் சுவையானது.

1999ஆம் ஆண்டு ஜூலை மாதம், தீவின் வடகிழக்கே ஸ்பில்லிங்ஸ் என்னும் பண்ணைக்குத் தொலைக்காட்சிக்காரர் சிலர் வந்தனர். அவர்கள் வந்த காரணம் புதையல் திருட்டு. உலோகம் கண்டறியும் கருவியோடு இரவில் வயல்களில் புகுந்து, பழம்பொருள்களைத் தோண்டி விற்கும் கூட்டத்தாரைப் பற்றிப் படம் எடுக்க வந்தனர். முன்பே சில காசுகள் கிடைத்திருந்த வயல் அது. புதைபொருள் ஆராய்ச்சியாளர் ஒருவரும் உடன் வந்திருந்தார். படம் எடுத்து முடிந்தபின் வயலில் கருவியை ஓட்டிப் பார்த்தபோது அது பெருங்குரல் எழுப்பிற்று. அடியிலே கிடந்தது 67 கிலோ வெள்ளி! காசுகள் மட்டும் 14,000க்கு மேல். அவற்றோடு நூற்றுக்கணக்கான வெள்ளிக் காப்புகள்.

மாணவர்களே, 67 கிலோ என்ற எண் உங்களை மயக்கியிருக்கும். எனக்கு வியப்பளித்தது அதுவன்று. ஆராய்ச்சியாளர்கள் வெள்ளியை அள்ளிக்கொண்டு போய்விடவில்லை. அது கிடந்த இடத்தைப் பொறுமையாக அகழ்ந்தார்கள். வெள்ளி இரண்டு குவியலாக, ஒரு கட்டடத்தின் தரைக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்தது. அருகே வெண்கலத் துண்டுகள் வேறொரு குவியலாக இருந்தன. ஆகவே இது போரில் தப்பியோடிய ஒருவன் எங்கோ காட்டில் அவசரமாகப் புதைத்த பொருள் அன்று. பண்ணை வீட்டார் தம் காலடியிலேயே வைத்துப் பேணிய செல்வம். காசுகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஏறத்தாழ எல்லாமே பாக்தாத் முதலிய இசுலாமிய நாட்டு நகரங்களில் அச்சிட்ட திர்ஹம் என்னும் வெள்ளிக் காசுகள். மிகப் பிந்திய காசு 870-71ஆம் ஆண்டினது. எனவே புதையல் அவ்வாண்டுக்கு முன் முழுமை பெற்றிருக்க இயலாது. காப்புகளோ குறிப்பிட்ட எடைகளுக்குப் பொருந்துமாறு செய்யப்பட்டிருந்தன. அக்காலத்தார் காசை எண்ணவில்லை, தராசில் நிறுத்தார்கள். தேவைப்பட்டால் வெட்டியும் கொடுத்தார்கள்.

அப்பதினாலாயிரம் காசுகளுள் ஒன்று அறிஞர் உலகத்தைத் திகைக்க வைத்தது. காஸ்பியன் கடலுக்கு வடக்கே ஆண்ட கசார் மக்கள், அரபுக் காசைப் போலவே 837-38இல் அச்சிட்ட காசு அது. நபிகள் நாயகத்தின் பெயர் வரும் இடத்தில், மோசே இறைவனின் தூதர் என்று அதில் எழுதியிருந்தது. கசார் மன்னர் யூத சமயத்தைத் தழுவினர் என்று நூல்கள் கூறும் செய்திக்கு, அவர்கள் நாட்டிலிருந்து நெடுந்தொலைவில், ஒரு சுவீடன் வயலில் சான்று கிடைத்தது. திருடன் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெள்ளி உருகியிருக்கும், அல்லது காசுகள் ஒவ்வொன்றாக ஊர் ஊராக விலைபோயிருக்கும். எந்த வீடு, எந்தக் காலம், எந்த வணிகம் என்பதெல்லாம் ஒரே இரவில் அழிந்திருக்கும்.

வேறொரு பெட்டியில் உரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்தன. அதன் முன் நெடுநேரம் நின்றேன். தினாரியஸ் எனப்படும் இக்காசுகள் கோட்லாந்தில் ஆறாயிரத்துக்கு மேல் கிடைத்துள்ளன. இதே வகைக் காசு நம் கொங்கு நாட்டு மண்ணிலும் கிடைத்திருப்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரே பேரரசின் காசு, தெற்கே மிளகும் முத்தும் விளைந்த தமிழகத்துக்கும் வந்தது. வடக்கே உறைபனி நிலத்துக்கும் போயிற்று. நம் நாட்டில் கிடைத்தவற்றுள் மிகுதியானவை முதல் நூற்றாண்டில் ஆண்ட அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோருடையவை. கோட்லாந்தில் கிடைத்தவற்றுள் மிகுதியானவை 2ஆம் நூற்றாண்டின. இந்த வேறுபாடு எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு காசும் எந்த ஊரில், எந்தக் குவியலில் கிடைத்தது என்று யாரோ ஒருவர் எழுதி வைத்ததால் தெரிந்தது. எழுதாமல் விட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டியிருந்தால், தமிழகக் காசும் கோட்லாந்துக் காசும் ஒன்றாய்க் கலந்து, வெறும் வெள்ளி வில்லைகளாக நின்றிருக்கும்.

அடுத்த கூடத்துக்குள் நுழைந்தபோது என் மகள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அங்கே மனித எலும்புகள் இருந்தன. 1361ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், டென்மார்க் மன்னன் நான்காம் வால்டெமாரின் படை விஸ்பி நகர மதிலின் முன் வந்து நின்றது. எதிர்த்தவர்கள் தீவின் உழவர்கள். நகரத்து வணிகரோ வாயில்களை அடைத்துக்கொண்டு மதிலுக்குள் இருந்தனர். நகரத்தாருக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் பழம்பகை உண்டு. 1288இல் இருவரும் தமக்குள்ளேயே போர் செய்தவர்கள். ஏறத்தாழ 1,800 உழவர் அன்று மதிலின் கண்ணெதிரே மாண்டனர். பின்னர் நகரம் வால்டெமாருக்குப் பணிந்தது.

கோடை வெயிலில் பிணங்கள் விரைவில் கெட்டன. ஆகவே இரும்பு வளையங்களால் பின்னிய கவசத்தைக்கூடக் கழற்றாமல் அவர்களைப் பெருங்குழிகளில் இட்டு மூடினார்கள். 1905 முதல் 1930 வரை அக்குழிகளுள் சிலவற்றை அகழ்ந்து, 1,185 பேருடைய எலும்புகளை எடுத்து ஆராய்ந்தனர். வளையக் கவசம் துருவேறி மண்டையோட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. அதற்குள்ளிருந்து ஒரு முகம் நம்மைப் பார்க்கிறது. எலும்புகளை ஆராய்ந்தவர்கள் கண்டதென்ன தெரியுமா? மாண்டவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் வயது நிரம்பாத சிறுவர்கள், முதியவர்கள், உடற்குறை உடையவர்கள். காலிலே வெட்டுக் காயங்கள் மிகுதி; கேடயம் மறைக்காத இடம் அதுதான்.

என் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் வரிசையாக நிற்பது போல் எனக்குத் தோன்றிற்று. வெற்றி பெற்ற மன்னனின் பெயரை எல்லா நூல்களும் எழுதியுள்ளன. தோற்ற சிறுவர்களின் வயதை எழுதி வைத்தது அந்த மண்ணே. கவசத்தின் இரும்புக்கு ஆசைப்பட்டு யாரேனும் அக்குழிகளைக் கலைத்திருந்தால், அச்சிறுவர்கள் இரண்டாம் முறையும் இறந்திருப்பார்கள்.

இத்துணைச் சிறப்புடைய அக்காட்சிச்சாலைக்கும் ஓர் இழப்பு உண்டு. 1961இல் தீவின் தெற்கே, ஹாவோர் என்னும் பழங்கோட்டையில் ஒரு வெண்கலக் குடம் கிடைத்தது. அதனுள் உரோமானியர் மது மொள்ளும் கரண்டியும் வடிகட்டியும், வெண்கல மணிகளும், இவற்றோடு நுண்ணிய வேலைப்பாடு அமைந்த தங்கக் கழுத்து வளையம் ஒன்றும் இருந்தன. வளையத்தின் எடை ஏறத்தாழ 800 கிராம். சுவீடனின் பழம்பொருள்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று அது. 1986இல் ஒரு கள்வன் அதைக் காட்சிச்சாலையிலிருந்தே கவர்ந்து சென்றான். இன்றுவரை அது அகப்படவில்லை. அங்கே வைத்திருப்பது அதைப் போலச் செய்த படி ஒன்றே.

அந்தப் படியைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு என் பிழை சுரீரென்று தைத்தது. இப்போது அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹாவோர் வளையம் களவுபோன அதே 1986ஆம் ஆண்டில், நான் ஒரு கிராமத்துப் பள்ளியில் இளம் ஆசிரியனாக இருந்தேன். ஒருநாள் காலை, மாணவன் ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து பதினேழு செப்புக் காசுகளை எடுத்து என் மேசைமேல் வைத்தான். அவன் தந்தை கிணறு வெட்டியபோது, ஒரு சிறு கலயத்துக்குள் இருந்தனவாம். கலயத்தின் ஓடு ஒன்றையும் கொண்டு வந்திருந்தான். எனக்கு உள்ளம் துள்ளிற்று. நான் என்ன செய்தேன்? ஓட்டை எறிந்துவிட்டேன். காசுகளைப் புளி இட்டுத் தேய்த்துப் பளபளவென்று துலக்கினேன். சரித்திரப் பாட வேளையில் காட்டுவதற்காக, முன்பே என்னிடம் இருந்த வேறு பழங்காசுகளோடு ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்தேன். மாணவனை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினேன். பெரிய கடமையைச் செய்துவிட்டதாக நினைத்து மகிழ்ந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, காசுகளைப் பற்றி நன்கறிந்த நண்பர் ஒருவரிடம் அப்பெட்டியைக் காட்டினேன். அவர் நான்கே கேள்விகள் கேட்டார். எந்த வயல்? எத்தனை அடி ஆழம்? கலயம் எப்படி இருந்தது? இவற்றுள் எந்தக் காசுகள் ஒன்றாகக் கிடைத்தவை? ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. புளியில் தேய்த்ததால் காசுகளின் மேல் இருந்த மெல்லிய எழுத்தும் போய்விட்டது. அம்மாணவனின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. நண்பர் பெட்டியை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோட்லாந்தில் தங்க வளையம் போய்விட்டது. ஆயினும் அது கிடந்த கோட்டை, கிடந்த குடம், உடன் இருந்த கரண்டி, எடை, அளவு, படம் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. அது இன்றும் பேசுகிறது. என் செப்புக் காசுகள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன; ஆனால் ஊமையாகிவிட்டன. அங்கே களவாடியவன் கள்வன். இங்கே களவாடியவன் ஆசிரியன்.

எட்டாம் வகுப்புச் சிறுவனின் கேள்விக்கு விடை இதுதான். அம்மா குப்பையில் போடும் பானை எங்கிருந்து வந்தது, யார் வனைந்தது, அதில் என்ன சமைத்தார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும்; கேட்டால் சொல்வார்கள். மண்ணுக்குள் கிடந்த பானைக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அது கிடந்த இடமும், ஆழமும், அதனோடு கிடந்த பொருள்களுமே அதற்கு வாய். பொருட்காட்சிச்சாலை அந்த வாய்மொழியைக் காக்கிறது. உடைந்த பானைக்கு அருகே ஒட்டியிருக்கும் சிறு சீட்டை இனி அலட்சியமாகத் தாண்டிச் செல்லாதீர்கள். பானையில் பாதி அந்தச் சீட்டில் இருக்கிறது.

சுவீடனில், வயலில் வெள்ளியோ பொன்னோ கிடைத்தால் அரசாங்கத்திடம் தெரிவிக்க வேண்டும். அரசாங்கம் அதை ஏற்றால், உலோகத்தின் விலையோடு எட்டில் ஒரு பங்கேனும் கூட்டித் தர வேண்டும் என்பது சட்டம். ஸ்பில்லிங்ஸ் பண்ணைக்காரருக்கு 20 லட்சம் குரோனாவுக்கு மேல் கிடைத்தது. உரிமம் இன்றி உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவது அங்கே குற்றம். நம் நாட்டிலும் 1878ஆம் ஆண்டிலேயே புதையல் சட்டம் இயற்றப்பட்டது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால், மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. அன்று எனக்கு இந்தச் சட்டம் தெரியாது. ஆசிரியனுக்கே தெரியாதபோது, கிணறு வெட்டியவர்க்கு யார் சொல்வது? நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் குளம் தூர் வாரும்போதோ, கடைக்கால் தோண்டும்போதோ பழம்பொருள் ஏதேனும் தென்பட்டால், தோண்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், ஓடு என்று எறியாதீர்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம், அருகே என்ன இருந்தது, எந்த நாள் என்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். முடிந்தால் இருந்த நிலையிலேயே ஒரு படம் எடுத்து வையுங்கள். உடனே கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவியுங்கள். ஒரு பள்ளி மாணவனால் செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் அவன் செய்யத் தவறினால், பிறகு எந்தப் பேரறிஞராலும் அதை ஈடுசெய்ய இயலாது.

ஊர் திரும்பியதும் நான் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தேன். ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்தேன். "இவற்றுள் பதினேழு காசுகள் 1986ஆம் ஆண்டில் ஒரு கிணற்றில், ஒரு கலயத்தினுள் கிடைத்தவை. எவை என்று பிரித்தறிய இயலாது. கொண்டு வந்தவன் ஒரு மாணவன். கலயத்தை எறிந்தவனும், காசுகளைத் தேய்த்தவனும், இடத்தைக் கேட்டு எழுதத் தவறியவனும் நான்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். மாவட்டப் பொருட்காட்சிச்சாலையில் ஒப்படைக்கும்போது, பெட்டியோடு அந்தச் சீட்டையும் சேர்த்தே கொடுப்பேன். அக்காசுகளைப் பற்றி உறுதியாகத் தெரிந்த செய்தி இப்போது அது ஒன்றுதான்.